குளச்சல் காற்றுக்கு எந்தக் கம்பி?

குளச்சலில் கடலோரத்து வீடு. மேல்பலகை வயலின்போல வளைந்த ஆர்ச்டாப் கிதாரில் புதிதாக மாட்டிய 80/20 புரோன்ஸ் கம்பிகள் மூன்றே வாரத்தில் கறுத்துவிட்டன. ஐந்தாம் கம்பியில் பச்சைக் களிம்பு வேறு. விரல் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து பார்த்த வேலை.

80/20 என்றால் எஃகு நடுக்கம்பிமேல் சுற்றிய உலோகத்தில் 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். பெயர்தான் புரோன்ஸ், வெண்கலத்துக்கு வேண்டிய வெள்ளீயம் இதில் இல்லை, சுத்தப் பித்தளை. முதல் நாள் கணீரென்று பேசும், அப்புறம் சட்டென்று மங்கிவிடும். பாஸ்பர் புரோன்ஸ் நிஜ வெண்கலம். ஒலி சற்று இதம், இன்னும் சில நாள் கூடத் தாங்கும். கம்பி அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்த பிக்கப் வைத்த கிதாருக்கு இரண்டுமே சரிப்படாது. சுற்றியிருக்கும் செம்புக் கலவையைக் காந்தம் கண்டுகொள்ளாது. சுற்றில்லாத முதல் இரண்டு எஃகுக் கம்பிகள் மட்டும் கத்தும்.

ஃபிளாட்வவுண்ட் வகையில் மேலே சுற்றியிருப்பது தட்டை நாடா. விரல் வழுக்கினால் கீச்சென்ற சத்தமே வராது, அழுக்கு தங்க இடுக்கும் இல்லை. ஆம்ப்ளிஃபயர் வழியாக ஜாஸ் வாசிக்க இதை விட்டால் வேறில்லை. ஆனால் ஆம்ப் இல்லாமல்? கிறிஸ்மஸ் கரோலுக்குத் தெருவில் நின்று வாசித்தேன், பக்கத்தில் நின்ற தம்பி, "அண்ணே, வாசிக்கியளா, சும்மா புடிச்சிட்டு நிக்கியளா?" என்றான்.

என் ஓட்டு மோனலுக்கு. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதி பெரும்பாலும் செம்பு; கடல்நீர் அரிக்காது என்பதால் கப்பலின் புரொப்பல்லர் தண்டுக்கே பயன்படும் உலோகம். பளபளப்பு குறைவு, மரத்தின் குரல் கேட்கும். அமெரிக்க ஜாஸ் கலைஞர் கவுன்ட் பேஸியின் இசைக்குழுவில் 1937-இல் சேர்ந்த கிதார் கலைஞர் ஃப்ரெடி கிரீன் ஆம்ப் இல்லாமல் நறுக்கிய அந்த நாலு தட்டுத் தாளத்துக்கு இந்த வறண்ட ஒலி பொருந்தும். அவர் மாட்டியதோ தடித்த கம்பி, அதையும் கழுத்தின் உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டிலிருந்து நன்றாகத் தூக்கி வைத்திருந்தார். நமக்கு 12 அல்லது 13 போதும், அதாவது முதல் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. அதற்கும் மெலிந்தால் ஆர்ச்டாப்பின் மேல்பலகை அசையாது. மூன்றாவது கம்பி மேலே உலோகம் சுற்றிய சுற்றுக்கம்பிதானா என்று பார்த்து வாங்குங்கள். ஆர்ச்டாப்பில் கம்பிகளைத் தாங்கும் மர பிரிட்ஜ் பெரும்பாலும் அதற்கேற்றபடி செதுக்கியது. வெறுங்கம்பி போட்டால் மேலே போகப் போக சுருதி விலகும்.

ஒரு குறை மட்டும் தீராது. எந்த செட் வாங்கினாலும் முதல் இரண்டும் எஃகுதான், அவை துருப்பிடிக்கும். நாகர்கோவில் போகும்போதெல்லாம் அந்த இரண்டையும் தனியாக வாங்கி, எண்ணெய்த்தாளில் சுற்றி கிதார் பெட்டியில் போட்டு வைக்கிறேன்.