இட்லித் தட்டில் போல்ட்டுகள்: பட்டரவாக்கத்தில் ஒரு சனிக்கிழமைப் பட்டறை

பத்துச் சனிக்கிழமைகள் என் பேத்தியை வில்லிவாக்கத்தில் மின்சார ரயில் ஏற்றி, கொரட்டூர் தாண்டிப் பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் இருக்கும் ஒரு பட்டறைக்கு அழைத்துப் போய்வந்தேன். அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை, ஒரு சங்கிலிக் கப்பி, வைஸ் பூட்டிய இரண்டு மேசைகள். ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பழைய தோட்ட டிராக்டரைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி ஓடவைக்க வேண்டும். அதுதான் வகுப்பு. கட்டணம் 6,500 ரூபாய். எங்கள் தெருவில் நாலைந்து பேர் பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்டுவிட்டார்கள். வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ. முடித்து 1976-இல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தவன். 2016-இல் ஓய்வு பெற்றேன். நாற்பது வருடம் அரமும் ஸ்பேனரும் பிடித்தவன் கண்ணுக்குப் பட்டறையில் நடக்கும் தவறு தப்பாது. முதல் வாரம் வாசலோரம் பெற்றோருக்காகப் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் உன்னிப்பாகக் கவனித்தேன்.

டிராக்டர் என்றதும் நான்கு சக்கரத்தை நினைக்க வேண்டாம். இரண்டு சக்கரமும் நீண்ட கைப்பிடிகளும் கொண்ட பவர் டில்லர் அது. ஜப்பானிய வடிவமைப்பில் நம் நாட்டில் செய்தது. படுக்கை வாட்டத்தில் அமைந்த ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், 12 குதிரைத்திறன். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் ஏழு மழைக்காலம் நனைந்து கிடந்ததாம். பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து தள்ளியும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் அசையவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல இயந்திரம் கிடையாது என்பேன். பெல்ட், புல்லி, கிளட்ச், கியர் எல்லாம் கைக்கு எட்டும் உயரத்தில், ஒன்றையொன்று மறைக்காமல் இருக்கின்றன. விசை எங்கே பிறந்து எந்த வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது என்பதை விரலாலேயே தொட்டுக்கொண்டு போகலாம்.

முதல் சனிக்கிழமை யார் கையிலும் ஸ்பேனர் தரப்படவில்லை. ஆளுக்கொரு நோட்டு, ஒரு பென்சில். இயந்திரத்தை நான்கு பக்கமும் பார்த்து வரைய வேண்டும். கைப்பேசியில் படம் பிடிக்கக் கூடாது. பேத்திக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வரையும்போதுதான் மூன்று பெல்ட்டுகளில் ஒன்று மட்டும் புதியது என்பது அவள் கண்ணில் பட்டது. மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தேய்ந்து நீண்டவை வழுக்கிக்கொண்டிருக்க, புதிய பெல்ட் மட்டும் பாரம் இழுக்கும் என்று மாஸ்டர் விளக்கினார். சொல்லிக்கொடுப்பவரைப் பிள்ளைகள் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் எல்லாரையும் 'வாங்க, போங்க' என்றே பேசுகிறார். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் "அந்த 12-ஆம் நம்பர் ஸ்பேனரை எடுங்க" என்று ஒருவர் சொல்லி நான் கேட்டது இங்கேதான். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் தலையில் குட்டு வாங்காத நாள் குறைவு.

கழற்றிய போல்ட்டுகளை வைக்க அவர் கண்டுபிடித்திருக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. பழைய இட்லித் தட்டுகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு பகுதியின் போல்ட்டுகள், பக்கத்தில் எண் எழுதிய காகிதம், அதே எண் நோட்டில் வரைந்த படத்திலும் இருக்கும். பல வாரம் கழித்துப் பூட்டும்போது ஒரு வாஷர்கூட மிஞ்சவுமில்லை, குறையவுமில்லை.

மூன்றாம் வாரம் ஒரு பையன் வந்து, "மாஸ்டர், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் போல்ட்டில் சிலதுக்கு 12-ஆம் நம்பர் பொருந்துகிறது, சிலதுக்கு 13 தான் பொருந்துகிறது" என்றான். மாஸ்டர் பதில் சொல்லவில்லை. தனித்தனியாகப் பிரித்து எண்ணிவிட்டு வரச் சொன்னார். தலை 13 ஆக இருந்தவை பதினொன்று. எல்லாமே கியர் பெட்டியைச் சுற்றி இருந்தவை. பிறகுதான் விளக்கினார்: எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜப்பானியத் தர அளவில் தலை 12 மில்லிமீட்டர், நம் ஊர்க் கடையில் கேட்டால் 13 தலை கொண்டது கிடைக்கும், மரை இரண்டுக்கும் ஒன்றே. "அப்படியானால் கியர் பெட்டியை முன்பே ஒருவர் திறந்திருக்கிறார்" என்றாள் பேத்தி. திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு பேரிங் மாற்றப்பட்டிருந்தது. அன்று ரயிலில் அவள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள்.

இறுகிய பிஸ்டனை எடுக்கவே மூன்று வாரம் ஆனது. எஞ்சினைக் கப்பியில் தூக்கி, சிலிண்டர் வாய் மேல்நோக்கி நிற்கும்படி மரக்கட்டைகளில் நிறுத்தி, டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி வைத்தார்கள். வாரம் ஒருமுறை மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டிப் பார்ப்பது, அசையவில்லை என்றால் நோட்டில் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போவது. அவசரப்பட்டு இரும்புச் சுத்தியலை எடுத்திருந்தால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்திருக்கும்.

ஐந்தாம் வாரம் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைலன்சரைக் கழற்றும் வேலை என் பேத்திக்கு வந்தது. துருவேறிய நட்டு அசையவில்லை. பக்கத்தில் கிடந்த ஒரு குழாயை ஸ்பேனரில் செருகி நீளமாக்கி இழுத்தாள். வகுப்பில் நெம்புகோல் படித்திருக்கிறாள் அல்லவா! 'டக்' என்று ஸ்டட் (நட்டு ஏறியிருக்கும் மரைத்தண்டு) முறிந்தது. பாதி வெளியே வந்தது, பாதி எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் முகம் சுண்டிப்போனது. நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். மாஸ்டர் என்னைப் பார்த்து உட்காரும்படி கையால் சைகை காட்டினார். அவளிடம், "உடைந்ததை எடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. இன்று எல்லாரும் அதைக் கற்றுக்கொள்ளலாம்" என்றார்.

அன்று மீதி வேலைகள் நின்றன. முறிந்த முகத்தை அரத்தால் சமன் செய்தார்கள். நடுப்புள்ளியில் சென்டர் பஞ்ச் வைத்து ஓர் அடி. நடு சற்று விலகினாலும் மரை கெட்டுவிடும் என்பதால் அந்தப் புள்ளியை வைக்க மட்டும் அரைமணி நேரம். மெல்லிய துளை, பிறகு சற்றுப் பெரிய துளை, அதில் ஈஸி அவுட் என்ற, எதிர்ப்பக்கம் திருகி உடைந்த துண்டை வெளியே எடுக்கும் கருவி. மாஸ்டர் டார்ச்சால் சுற்றுப்புறத்தைச் சூடாக்கி, மெழுகுவத்தியைத் தொட்டு மரைக்குள் உருகவிட்டார். மூன்றாம் முயற்சியில் அது திரும்பியது. திருப்பியவள் என் பேத்தி. எங்கள் தொழிற்சாலையில் இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. அந்த அரை அங்குல இரும்பு இப்போது அவளுடைய பென்சில் பெட்டியில் இருக்கிறது.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் அப்பா மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். ராஜாஜி முதல்வராக இருந்தபோது 1953-இல் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டம் காமராசர் முதல்வரான 1954-இலேயே கைவிடப்பட்டது. அப்போது என் அண்ணன் மூன்றாம் வகுப்பு. அப்பா அந்த ஒரு வருடமும் அவனைத் துருத்தி இழுக்க விடவில்லை. "சம்மட்டி அடிப்பது கேவலமில்லை. ஆனால் கொல்லன் பிள்ளை சம்மட்டிதான் அடிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் சொல்லக் கூடாது" என்பாராம். அதனால் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் என்று யார் பேசினாலும் எனக்குள் ஒரு கேள்வி எழும்: யாருடைய பிள்ளைக்கு?

இந்தப் பட்டறையில் அதற்குப் பதில் கண்ணெதிரே இருந்தது. எட்டுப் பேரில் ஒருவன் பாடிப் பகுதியில் இரு சக்கர வாகனம் பழுது பார்ப்பவரின் மகன். ஒருத்தி மருத்துவர் வீட்டுப் பெண். ஒருவனுடைய அம்மா வங்கி அதிகாரி. கிரீஸ் வழித்துத் துடைக்கும் வேலையும் கூட்டிப் பெருக்கும் வேலையும் சுற்று முறையில் எல்லாருக்கும் வருகின்றன. அளந்து கணக்கிட்டு எழுதும் வேலையும் அப்படியே. மெக்கானிக் மகன் 'எனக்குத் தெரியும்' என்று ஸ்பேனரை எடுத்தபோது, மாஸ்டர் அவனை வெர்னியர் என்ற நுண்ணளவுகோலால் அளவெடுத்துக் கணக்குப் போட உட்காரவைத்தார். என் அப்பா இருந்திருந்தால் இந்த இடத்துக்கு வந்திருப்பார்.

உதிரி பாகம் வாங்க ஒருநாள் எல்லாரையும் புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கும் அழைத்துப் போனார்கள். தேய்ந்த பேரிங்கின் மேல் 6205 என்று இருந்தது. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், அதாவது 25 மில்லிமீட்டர்; இந்தக் கணக்கு 04 முதல் மேலே உள்ள எண்களுக்குப் பொருந்தும். கடைக்காரர் பெட்டியைத் தேடுவதற்குள் பிள்ளைகள் வெர்னியரை வைத்துச் சரிபார்த்துவிட்டார்கள். லைனர் (சிலிண்டரின் உள்குழாய்), பிஸ்டன், அதைச் சுற்றும் ரிங் மூன்றும் புதிதாக வாங்கியவை. ரிங்கை லைனருக்குள் வைத்து அதன் இடைவெளியை ஃபீலர் கேஜால், அதாவது அளவு குறித்த மெல்லிய தகடுகளால், அளந்ததும் அவர்களே.

வால்வு வேலையையும் குறிப்பிட வேண்டும். பேஸ்ட் தடவி, இரு உள்ளங்கைகளுக்கிடையில் குச்சியைத் தயிர் மத்துப்போல் உருட்டி, வால்வையும் அதன் இருக்கையையும் ஒன்றோடொன்று பொருந்தத் தேய்க்கிறார்கள். பிறகு வால்வின் பின்புறம் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். கசிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு வால்வு நான்கு முறை கசிந்தது. அதைத் தேய்த்த பையனுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை, மண்ணெண்ணெயே சொல்லிவிட்டது.

குறைகளும் உண்டு. காதடைப்பான் தருவதில்லை, கிரைண்டர் ஓடும்போது பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நான் இரண்டாம் வாரமே சொன்னேன், ஏழாம் வாரம்தான் வாங்கினார்கள். கண்ணாடியும் கையுறையும் முதல் நாளே கொடுத்துவிட்டார்கள், அதில் குறையில்லை. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. சாவி வாங்கிப் போக வேண்டும். இதை அவர்கள் உடனே சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல பெற்றோர் அனுப்பமாட்டார்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் பழையது. அது காட்டும் அளவை நான் நம்பவில்லை. பெயிண்ட் அடிப்பதற்கு ஒரே வாரம்தான் ஒதுக்கினார்கள். துருவை முழுதாகச் சுரண்டாமல் பிரைமர் அடித்த இடங்கள் அடுத்த மழையில் உரிந்து வரும். பன்னிரண்டு வாரமாக்கிக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் தவறில்லை.

பத்தாம் சனிக்கிழமை எஞ்சினைக் கிளப்பினார்கள். பின்னல்கள் தொப்பிக்குள், கையில் கட்டிய கயிறுகள் கழற்றப்பட்டு மேசைமேல், எல்லாரும் தரையில் வரைந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால். கைப்பிடியை மாஸ்டர் மட்டுமே சுற்றினார். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் காட்டிக்கொடுத்தார். முதல் முறை கிளம்பவில்லை. டீசல் குழாயில் காற்று நின்றிருக்கிறது என்று மருத்துவர் வீட்டுப் பெண் சொன்னாள். ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டு, மறுபடி இறுக்கினாள். இரண்டாம் முறை சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஷன் லீவரைப் பேத்தி பிடித்துக்கொள்ள, மாஸ்டர் வேகமாகச் சுற்றி, "விடுங்க!" என்றார். விட்டாள். கறுப்புப் புகை ஒரு கொத்து, பிறகு தட தட தட என்று அந்தச் சத்தம். எட்டுப் பிள்ளைகளும் கத்தியது எனக்குக் கேட்கவில்லை. வாய்கள் அசைவதை மட்டும்தான் பார்த்தேன். கண் நனைந்துவிட்டது.

பவர் டில்லர் மறுவாரம் மீஞ்சூர்த் தோப்புக்கே திரும்பிப் போனது. அடுத்த அணிக்கு ஒரு பழைய பெட்ரோல் பம்புசெட் வந்து இறங்கியிருக்கிறது. எட்டே இடம்தான். முழங்கால் மறைக்கும் பருத்தி உடை, மூடிய செருப்பு, தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்புங்கள். நைலான் துணி வேண்டாம். காலை ஒன்பதரைக்கு வாசலை மூடிவிடுகிறார்கள். எங்கள் பணம் கட்டியாகிவிட்டது. பேத்தி இட்லித் தட்டு இரண்டு வேண்டும் என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறாள்.