808, 909, லின்டிரம்: வீட்டு ஸ்டுடியோவுக்கு எது?

எண்பதுகளின் டிரம் மெஷின் (தாளத்தைத் தானே வாசிக்கும் மின்னணுக் கருவி) ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேடுகிறார்கள்: ரோலண்ட் டிஆர்-808, டிஆர்-909, ரோஜர் லின் உருவாக்கிய லின்டிரம். அசல் கருவி, நகல், கணினி மென்பொருள் என எதை வாங்கினாலும் தேர்வு இதே தேர்வுதான். பலரும் பெயரைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். வீட்டில் பதிவு செய்கிறவர் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. பாட்டின் அடிப்பகுதியில் அந்த ஒலி எவ்வளவு இடத்தை அடைக்கிறது? நம்மிடம் இருக்கும் ரிவெர்ப் (அறையின் எதிரொலி), டிலே (சற்றுத் தாமதித்துத் திரும்பக் கேட்கும் ஒலி) போன்ற எஃபெக்ட்களை அது எப்படி ஏற்றுக்கொள்கிறது?

808 வெளிவந்தது 1980-ல். 1983-ல் நிறுத்துவதற்குள் சுமார் 12,000 கருவிகள் தயாராகின. அதில் பதிவு செய்யப்பட்ட ஒலி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் அனலாக் மின்சுற்றில் அந்தந்தக் கணத்தில் பிறப்பவை. ஹை-ஹாட், சிம்பல் என்ற உலோகத் தட்டொலிகள் இரண்டுக்கும் மூலம், ஒன்றோடொன்று சேராத ஆறு சதுர அலைகள். அவற்றை வடிகட்டித்தான் அந்த உலோகச் சிலிர்ப்பு வருகிறது. உண்மையான டிரம் போல அது ஒலிக்காததால் அந்தக் காலத்தில் பலர் ஒதுக்கினார்கள். இன்று அதற்காகவே தேடுகிறார்கள்.

அதன் கிக்கை, அதாவது பெரிய டிரம்மின் கனத்த அடியை, தனியாகச் சொல்ல வேண்டும். ஒலி அடங்கும் நேரத்தை மாற்றும் டிகே குமிழை முழுக்கத் திருப்பினால் அடி ஒரு நீண்ட பேஸ் ஸ்வரமாக நீள்கிறது. அசல் கருவியில் அதன் சுருதியை மாற்றக் குமிழ் இல்லை. கருவிக்குக் கருவி சற்று வேறுபட்டாலும் சுமார் 50 ஹெர்ட்ஸில்தான் நிற்கும்; நம் கணக்கில் 5 கட்டைக்கு ஒட்டிய இடம். 5 கட்டையில் பாடும் பெண் குரலுக்கு அது அழகாக அமரும். 1 கட்டைப் பாட்டில் நீளமாக ஒலிக்க விட்டால் அதே கிக் பஞ்சமமாக நிற்கும், அதுவும் பொருந்தும். 4½ கட்டையில் அரை ஸ்வரம் தள்ளி நின்று பேஸ் கிட்டாரோடு மோதும். அப்போது இரண்டே வழி: டிகேயைக் குறைத்து வெறும் தட்டாக வைத்துக்கொள்வது, அல்லது கிக்கைத் தனியாகப் பதிந்து கணினியில் சுருதி சேர்ப்பது. பாட்டின் சுருதி தெரியாமல் 808-ஐப் பதிய உட்காரவே கூடாது.

808 நம் நாட்டு இசைக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. பம்பாயில் திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அவர் கையில் இருந்தவை ஜூபிடர்-8 சிந்தசைசர், டிபி-303 பேஸ் கருவி, டிஆர்-808. கார்டு (ஸ்வரக்கூட்டு) மாறாமல் ஒரே ஆதார ஸ்வரத்தில் நிற்கும் ராகத்துக்கு, சுருதி மாறாத இந்த மெஷின் இயல்பாகவே துணை நிற்கிறது. ராக அடிப்படையில் எலக்ட்ரானிக் இசை செய்ய நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது 808-ஐத்தான்.

லின்டிரம் நேர் எதிர்த் திசை. அதன் முன்னோடி எல்எம்-1, 1980-ல் வந்தது. நிஜ டிரம்களின் சாம்பிளை (பதிவு செய்த சிறு ஒலித்துண்டை) வைத்து வாசித்த முதல் டிரம் மெஷின் அது. விலை ஏறத்தாழ 5,000 டாலர். நினைவகச் சிப்புகளுக்கு அன்று இருந்த விலையில் நீண்ட ஒலிகளை வைக்க முடியாததால் கிராஷ் சிம்பலே அதில் கிடையாது. 1982-ல் வந்த லின்டிரம் அந்தக் குறையைத் தீர்த்தது, விலையும் 3,000 டாலர் அளவுக்கு இறங்கியது. இரண்டிலும் இருப்பது துல்லியம் குறைந்த 8 பிட் சாம்பிள்கள். அந்தச் சொரசொரப்பு சுள்ளென்று ஒலிக்கும் ஸ்னேர் டிரம்முக்கு ஒரு முரட்டு ஓரத்தைத் தருகிறது.

வீட்டு ஸ்டுடியோவுக்கு இதைப் போல் ஒத்துழைக்கும் மெஷின் வேறில்லை. காரணம், சாம்பிள்கள் கிட்டத்தட்ட எதிரொலியே இல்லாமல் வறட்சியாகப் பதிவானவை. எந்த அறையில் ஒலிக்க வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம். ஸ்னேரை ஸ்பிரிங் ரிவெர்புக்கு அனுப்பினால் ஒரு பாட்டு, டேப் எக்கோவுக்கு அனுப்பினால் இன்னொரு பாட்டு. பிரின்ஸ் தன் எல்எம்-1-ஐ கிட்டார் பெடல்கள் வழியாகவே அனுப்பினார், டாம்களின் சுருதியையும் விருப்பம்போல் மாற்றினார். அவர் பதிவுகளின் தாளம் பிறருடையதைப் போல் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். 808-க்கு இப்படி எஃபெக்ட் போட்டால் அநேகமாகக் கெடும். கிக்கில் ரிவெர்ப் விழுந்தால் அடிப்பகுதி முழுக்கச் சேறாகிவிடும்.

தாளத்தின் நடையிலும் லின்டிரம் ஒரு படி மேல். அசல் 808-ல் ஸ்விங் (சில அடிகளைச் சற்றே தள்ளி வைக்கும் ஆட்டம்) இல்லை. பதினாறு பொத்தான்களில் அடிகளை வைத்தால் எல்லாம் சம இடைவெளிதான். விரலால் வாசித்து, அதைச் சம இடைவெளிக் கட்டத்துக்குள் இழுத்து, பிறகு ஸ்விங் சேர்க்கும் வசதியை ரோஜர் லின் எல்எம்-1-லேயே கொடுத்துவிட்டார்.

909 பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1983-ல் வந்தது, கிக், ஸ்னேர், டாம், கிளாப் அனலாக், ஹை-ஹாட்டும் சிம்பல்களும் 6 பிட் சாம்பிள். ரோலண்டின் டிரம் மெஷின்களில் மிடி (இசைக்கருவிகளையும் கணினியையும் இணைக்கும் பொது முறை) முதலில் வந்தது இதில்தான். 808-ஐயும் லின்டிரமையும் கணினியோடு சேர்க்க சிக்னலை மாற்றித்தரும் கருவி தேவைப்படும், 909-க்கு ஒரு வயர் போதும். கிக் குட்டையாக, நெஞ்சில் இடிப்பதாக இருப்பதால் பேஸுக்கு இடம் விடுகிறது. ஹவுஸ், டெக்னோ செய்கிறவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம். மெல்லிசைக்கு அது அதிகம். குரலுக்கு அடியில் வைத்தால் அந்த ஹை-ஹாட் குரலின் ‘ச’, ‘ஸ’ ஒலிகளோடு போட்டி போடும்.

அசல் கருவிகள் இன்று லட்சங்களில் விலை போகின்றன. வாங்குகிறவர் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: ஜப்பான் சந்தைக்கான ரோலண்ட் கருவிகள் 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் பவர் சப்ளை போய்விடும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். நாற்பது வயது கப்பாசிட்டர்களை மாற்றித்தரும் ஆளும் கைவசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நகலே நல்லது. 808-க்கு ரோலண்டின் டிஆர்-08, பெரிஞ்சரின் ஆர்டி-8 இரண்டும் உண்டு. இரண்டாவதில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி வெளியீடு இருப்பதால் கிக், ஸ்னேர், ஹை-ஹாட்டைத் தனித்தனி டிராக்கில் பதியலாம், பெடலையும் ஸ்னேருக்கு மட்டும் கொடுக்கலாம். டிஆர்-08 அதே பிரிப்பை யுஎஸ்பி வழியாகக் கணினிக்குத் தருகிறது. இரண்டே உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு அதுதான் வசதி.

ஒரே ஒரு மெஷின், பக்கத்தில் ஒரு நல்ல டிலே பெடல் என்றால் நான் லின்டிரம் ஒலியைத்தான் எடுப்பேன். பேஸ் வாசிக்க ஆள் இல்லாத தனி ஆள் ஸ்டுடியோ என்றால் 808; அதன் கிக்கே அந்த வேலையையும் பார்த்துவிடும்.