ஆறு வருடம் கழித்து எங்கள் கடை முகப்பு: ஏசிபி, கண்ணாடி, கிரானைட்

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் இருந்த எங்கள் பழைய பாத்திரக் கடையை இடித்துவிட்டு 2019இல் புதிதாகக் கட்டினோம். "பஸ்ல போறவங்க திரும்பிப் பார்க்கணும்ணா" என்றார் இன்ஜினியர் தம்பி. முன்பக்கம் முழுக்கச் சிவப்பும் சாம்பலுமாக ஏசிபி ஷீட் (சுவருக்கு மேல் பொருத்தும் அலுமினியப் பலகை), நடுவில் கண்ணாடி. திறப்பு விழா போட்டோவில் அருமையாகத்தான் இருந்தது.

கடை மேற்குப் பார்த்தது. மூன்றாவது கோடையிலேயே சிவப்பு வெளுத்துவிட்டது, சாம்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வருடம் பெயர்ப்பலகையைக் கழற்றினோம். அதன் பின்னால் மட்டும் பலகை அளவுக்குப் புத்தம் புதுச் சிவப்பு! ஷீட் இடுக்குகளில் அடைத்த சிலிக்கானில் தூசி ஒட்டி, ஒவ்வொரு மழைக்கும் கறுப்புக் கோடாக வழிகிறது.

அப்போது ஒரு ஷீட்டின் ஓரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். 4 மி.மீ. கனத்தில் இரண்டு பக்கமும் தாள் போல அலுமினியம், நடுவில் அத்தனையும் பிளாஸ்டிக். பாலிஎதிலீன், தீப்பிடித்தால் உருகி எரியும். 2017இல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 72 பேர் இறந்த தீ, இந்த வகை ஷீட் வழியாகத்தான் மளமளவென்று மேலே ஏறியது. நம் கடைக்கு எதிரே தீபாவளிக்கு ராக்கெட் விடாத ஆளே கிடையாது. ஏசிபி போடுகிறவர்கள் எஃப்.ஆர். கோர் (நடுப்பகுதி எளிதில் தீப்பிடிக்காத) ஷீட்டா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும்.

படிக்கு மட்டும் அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "கல்லு விளையற ஊர்ல உக்காந்துக்கிட்டு டைல்ஸ் எதுக்குடா?" பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் கட் பீஸ்களாகப் பொறுக்கி எடுத்தார். பாலிஷ் வேண்டாம், ஃப்ளேம் ஃபினிஷ் என்றார். நெருப்பைப் பீய்ச்சியதும் கல்லின் மேல்தோல் பொரிந்து உதிர்ந்து, தடவினால் கல் உப்பு போல நெறுநெறுவென்று இருக்கும். ஈரச் செருப்போடு ஏறினாலும் இதுவரை யாரும் வழுக்கவில்லை. கட் பீஸ் என்பதால் நிறம் படிக்குப் படி கொஞ்சம் மாறும், எனக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது.

உள்ளே விட்ரிஃபைட் டைல்ஸ். பாத்திரக் கடைக்கு இது தப்பு. பித்தளை அண்டா ஒன்று கை நழுவி விழுந்ததில் மூலை பெயர்ந்தது. அதே டிசைன் இப்போது வருவதில்லை. அந்த இடத்தில் நிரந்தரமாகக் குடங்களை அடுக்கி வைத்திருக்கிறோம். நீங்களாவது இரண்டு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள்.

கண்ணாடிக்கு எதிரி போர்வெல் தண்ணீர். துடைத்துக் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி. வினிகரில் துணியை நனைத்துத் துடைத்தால் புதுப் புள்ளி போகிறது, பழசு அசையவில்லை. இப்போது கேன் தண்ணீரில் துடைக்கிறோம், சொன்னால் சிரிப்பார்கள்.

ஃபால்ஸ் சீலிங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாடி பாத்ரூம் கசிந்து ஜிப்சம் போர்டு தொப்பை போட்டது. திறந்து பார்க்க ஒரு மூடி கூட வைக்கவில்லை, அறுத்துத்தான் பார்த்தோம்.

இந்தக் கோடைக்குள் முகப்பில் ஆள் உயரம் வரை கிரானைட் ஒட்டிவிடலாம் என்றிருக்கிறோம். அதற்கு மேலே பெயின்ட் போதும் என்கிறார் அப்பா. தம்பியோ புது ஷீட் கேட்லாக்கோடு வந்து நிற்கிறார். சிவப்புப் பக்கத்தைத் திருப்பவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.