அம்மாவின் பக்கவாதம், சிங்கப்பூர், சீன மருந்து

இந்தத் தடவை பெர்த்திலிருந்து சிங்கப்பூர் போனது முழுக்க அம்மாவுக்காகத்தான். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து வந்த பக்கவாதம், பேச்சு திரும்பிவிட்டது, வலது கை மட்டும் இன்னும் மேலே எழும்பவில்லை. மருத்துவமனையில் இயன்மருத்துவம் (பிசியோதெரபி) அருமையாகப் பார்க்கிறார்கள். ஆனால் எதிர்வீட்டு ஆண்ட்டி தன் கணவர் சீன மருந்தில்தான் எழுந்து நடந்தார் என்று சொன்னதிலிருந்து அம்மாவுக்கும் அதே நினைப்பு.

முதலில் போன கடையில் யாருக்கு மருந்து, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எதுவுமே கேட்காமல் டப்பாவை எடுத்து நீட்டினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, வாங்காமல் வந்துவிட்டோம். அடுத்துப் போனது பதிவு பெற்ற ஒரு சீன மருத்துவரிடம். நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நிதானமாக நாடி பார்த்தார், அப்புறம் மாத்திரைச் சீட்டைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரல் என்ற மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மருத்துவமனையில் கேட்டுவிட்டு வாருங்கள், அதன் பிறகு எழுதித் தருகிறேன் என்றார். அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

அவர் மனதில் இருந்தது புயாங் ஹுவான்வூ கஷாயம். 19ஆம் நூற்றாண்டில் வாங் சிங்ரென் என்ற மருத்துவர் எழுதி வைத்த முறை, மொத்தம் ஏழு சரக்கு. ஹுவாங்சி வேர்தான் பெரும்பங்கு, மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்: குசும்பாப் பூ, பீச் கொட்டைப் பருப்பு இப்படி. காய்ந்த மண்புழுவும் உண்டு, அம்மா சைவம் என்பதால் அதை அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். உடம்பில் சக்தி குறைந்து ரத்தம் தேங்கிப்போவதுதான் வாதத்துக்குக் காரணம் என்பது அவர்கள் கணக்கு. எலிகளில் செய்த சோதனைகளில் மூளையில் புது ரத்தக்குழாய், நரம்புச் செல் வளர்ச்சி எல்லாம் தெரிந்திருக்கிறது, ஆனால் மனிதர்களிடம் செய்தவை பெரும்பாலும் சின்ன ஆய்வுகள்.

பெரிய ஆய்வு என்றால் நியூரோஎய்ட் என்ற சீன மருத்துவ மாத்திரைக்கு நடந்தது. சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், இலங்கை உட்பட ஆசிய நாடுகளில் சுமார் 1,100 பேர், முடிவு 2013இல் வந்தது: மூன்று மாதத்தில் மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட உறுதியாகச் சொல்லும்படி முன்னேற்றம் இல்லை. நீண்ட நாள் தொடர்ந்து பார்த்தபோது இடையில் கொஞ்சம் நல்லது தெரிந்தது, அதனால் கதவை ஒரேயடியாக மூட எனக்கு மனம் வரவில்லை. மூளையில் ரத்தம் கசிந்த வாதத்துக்கு வேறொரு சீன மூலிகைக் கலவையைச் சீனாவில் 1,600 பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள், 2024இல் வந்த முடிவில் பலன் இல்லை.

மருத்துவமனை மருந்தாளர் தெளிவாகச் சொன்னார்: ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் இந்த மூலிகைகளைத் தானாகச் சேர்த்துக்கொண்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடலாம், தான்ஷென் என்ற சீன மூலிகை வேரும், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினும் சேரவே கூடாது. ஆக இப்போதைக்குக் கஷாயம் வேண்டாம், அந்த மருத்துவரிடமே அக்குபங்சர் மட்டும், இயன்மருத்துவம் ஒருநாள்கூட விடாமல். அம்மாவும் சரி என்றுவிட்டார்.

யாராவது இதற்காகச் சிங்கப்பூர் போகிறீர்கள் என்றால், மருத்துவர் பெயர் சீன மருத்துவர் வாரியப் பதிவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், மாத்திரைச் சீட்டு கையிலேயே இருக்கட்டும். பணம் இடிக்கிறது என்றால் தோங் சாய் என்ற சீன மருத்துவ நிலையம் இருக்கிறது, 1867இல் தொடங்கிய இடம், இன மத பேதம் பார்க்காமல் ஏழைகளுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள்.