பேனா குர்ஆன்: ஒரு நோன்பு மாதம் பயன்படுத்திப் பார்த்ததில்

பேனா குர்ஆன், அதாவது தொட்ட வசனத்தை ஓதிக் காட்டும் பேனாவோடு வரும் குர்ஆன், வாங்கலாமா, அது காசு பெறுமா என்று எங்கள் சொந்தக்காரப் பெண்கள் பலர் கேட்கிறார்கள். நோன்பு நெருங்கினால் இந்தக் கேள்வி இன்னும் அதிகம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரபியை ஓரளவு ஓதத் தெரிந்து, பொருள் தெரியாமலே ஓதிக்கொண்டிருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஓதவே தெரியாதவர்கள் இதை மட்டும் நம்பி ஓதப் பழக முடியாது. ரமலானில் குர்ஆனை இரண்டு முறை, மூன்று முறை ஓதி முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது சரிப்படாது.

நான் 2025இல், நோன்புக்குச் சற்று முன்பு, சென்னை மண்ணடியில் ஓர் இஸ்லாமியப் புத்தகக் கடையில் வாங்கினேன். விலை 3,500 ரூபாய். பெட்டிக்குள் ஒரு தடித்த பேனா, பெரிய அளவில் அச்சிட்ட குர்ஆன் பிரதி, சார்ஜ் வயர், ஹெட்போன், பிள்ளைகளுக்கான அரபி எழுத்துப் புத்தகம், பிறகு ஓதுபவர்களையும் மொழிகளையும் மாற்றுவதற்கான ஓர் அட்டை. பேனாவில் எழுத முடியாது. அதன் நுனியில் ஒரு சிறு கேமரா இருக்கிறது. குர்ஆன் பக்கங்களில் கண்ணுக்கு எளிதில் தெரியாத பொடிப் புள்ளிகளை அச்சிட்டிருக்கிறார்கள். நுனியை ஒரு வசனத்தின் மேல் வைத்தால் அந்தப் புள்ளிகளைப் படித்து, அந்த வசனம் எதுவென்று கண்டுபிடித்து, மெமரியில் இருக்கும் ஒலியை எடுத்துப் போடும். அதனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் குர்ஆனைத் தொட்டால் பேசாது. கூட வரும் பிரதி மட்டும்தான். நெட் தேவையில்லை. போனில் இதையெல்லாம் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம்தான், ஆனால் போனில் இரண்டு வசனம் முடிவதற்குள் நாத்தனாரின் வாட்ஸப் வந்துவிடும். இதில் அந்தத் தொந்தரவு கிடையாது.

சூராவின், அதாவது அத்தியாயத்தின், பெயரைத் தொட்டால் சூரா முழுவதும் ஓடும். வசனத்தைத் தொட்டால் அது மட்டும். அட்டையில் தமிழைத் தொட்டுவிட்டால், ஒவ்வொரு வசனமும் அரபியில் ஓதி முடிந்ததும் தமிழ்ப் பொருள் வரும். நான் இதை வாங்கியதே இந்த ஒரு வசதிக்காகத்தான். ஓதுபவர்களில் நான் கடைசியில் நிலைத்தது எகிப்தின் ஷெய்க் ஹுஸரி. 1961இல் முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவு செய்தவர். எழுத்து எழுத்தாக, நிதானமாக ஓதுவார். நம்மைப் போன்றவர்களும் விரல் வைத்துப் பின்தொடர முடிகிறது.

எங்கள் பக்கத்தில் ரமலான் என்றால் ஒரு நாளைக்கு ஒரு ஜுஸு, அதாவது குர்ஆனின் முப்பதில் ஒரு பாகம், என்பது பழக்கம். முப்பது ஜுஸுவும் பெருநாளைக்குள் முடிந்துவிட வேண்டும். வைகறைச் சாப்பாடான சஹருக்குப் பின் கொஞ்சம், மாலைத் தொழுகையான அஸருக்குப் பின் கொஞ்சம், கஞ்சி கொதிக்கும்போது மீதி. இந்தப் பழக்கத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. ரமலானை அல்லாஹ் அறிமுகப்படுத்துவதே குர்ஆன் இறங்கிய மாதம் என்றுதான். ஒவ்வொரு ரமலானிலும் வானவர் ஜிப்ரீல் அலைஹிஸ்ஸலாம் வந்து நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களோடு குர்ஆனை ஓதிப் பார்த்தார்கள், நபியவர்களின் கடைசி ஆண்டில் இரண்டு முறை ஓதினார்கள் என்று நபிமொழித் தொகுப்பான புகாரியில் இருக்கிறது. அந்த வழியில் வந்ததுதான் நம் வீடுகளின் ஓதலும் பள்ளிவாசல்களில் நடக்கும் ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹும். ஆனால் நோன்பைப் பற்றிக் குர்ஆன் என்ன சொல்கிறது என்று கேட்டால், ‘நோன்பு கடமை’ என்பதைத் தாண்டி நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? அந்த வசனங்கள் பகரா சூராவில், இரண்டாவது ஜுஸுவில் இருக்கின்றன. ரமலான் பிறந்த ஒன்றிரண்டு நாளிலேயே ஓதிக் கடந்துவிடுகிறோம்.

அந்த இடத்தில் இந்தப் பேனா எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொல்கிறேன். எங்கள் மாமிக்குச் சர்க்கரை, தினமும் இன்சுலின். நோன்பு வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிறு பிள்ளையிலிருந்து நோன்பு வைத்துப் பழகியவருக்கு அது பெரிய துக்கம். பகலில் சாப்பிடும்போது அடுக்களைக் கதவைச் சாத்திக்கொள்வார். பேரன் நோன்போடு இருக்கும்போது தான் சாப்பிடுவதை அவன் பார்த்துவிடக் கூடாதாம். ஒரு நாள் அஸருக்குப் பின் நான் பகராவின் 183ஆம் வசனத்தைத் தொட்டேன். உங்களுக்கு முன்னிருந்தவர்களுக்குப் போலவே உங்களுக்கும் நோன்பு கடமை, நீங்கள் இறையச்சம் உள்ளவர்கள் ஆவதற்காக, என்று பொருள் வந்தது. அடுத்தது 184. எண்ணப்பட்ட சில நாட்கள்தாம், நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் வைத்துக்கொள்ளட்டும், சிரமப்படுபவர்கள் பரிகாரமாக ஓர் ஏழைக்கு உணவளிக்கட்டும். பிறகு 185. ரமலானையும் குர்ஆனையும் சொல்லிவிட்டு, நோயாளியையும் பயணியையும் மறுபடி குறிப்பிட்டு, அல்லாஹ் உங்களுக்கு எளிதையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்று வருகிறது.

மாமி கஞ்சிக்கு இஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “ஏம்மா, அதைத் திரும்பப் போடு” என்றார். போட்டேன். இன்னொரு தடவை கேட்டார். “இதெல்லாம் பயான்ல கேட்டதுதான். ஆனா அல்லாஹ்வே ரெண்டு தடவ சொல்றான்ல, நோயாளின்னு” என்றார். தீராத நோய் உள்ளவர்கள் விடும் ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பது என்பதைத்தான் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் ஃபித்யா என்று சொல்கிறார்கள். மாமி அந்த மாதத்துக்கான ஃபித்யாவுக்கு அரிசியும் பருப்பும் தானே அளந்து கட்டிக் கொடுத்தனுப்பினார். மறுநாள் காலையில் கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். 3,500 ரூபாய் எனக்கு அன்றைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

வரிசையாகக் கேட்டால்தான் தெரிகிற விஷயங்கள் சில உண்டு. 183, 184, 185 மூன்றும் நோன்புச் சட்டம். 187ஆம் வசனமும் சட்டம்தான்: இரவில் எது ஆகும், வைகறையின் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகும்வரை உண்ணுங்கள், பருகுங்கள், பிறகு இரவுவரை நோன்பை நிறைவாக்குங்கள். நடுவில் இருக்கும் 186இல் நோன்பு என்ற பேச்சே இல்லை. என் அடியார்கள் என்னைப் பற்றிக் கேட்டால் நான் அருகில் இருக்கிறேன், அழைப்பவரின் அழைப்புக்குப் பதில் தருகிறேன் என்கிறான் அல்லாஹ். நோன்பு திறக்கும் முன் கையேந்துகிற அந்த நேரத்துக்கு நம் உம்மாமார் ஏன் அவ்வளவு மதிப்பு கொடுத்தார்கள் என்பது அந்த வசனம் அங்கே இருப்பதைக் கேட்டபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

இன்னும் என்னை நிறுத்தியது 188. நோன்புப் பேச்சு 187இல் முடிகிறது. அடுத்த வசனமே, ஒருவர் பொருளை இன்னொருவர் தவறான வழியில் உண்ணாதீர்கள், மக்களின் பொருளில் ஒரு பகுதியை அநியாயமாக விழுங்குவதற்காக அதிகாரிகளிடம் கொண்டுபோகாதீர்கள் என்கிறது. நம் சொந்தச் சோற்றையே பகலெல்லாம் தொடாதே என்று சொன்னவன், கையோடு பிறர் சொத்தை எக்காலத்திலும் தொடாதே என்கிறான். சகோதரியின் பங்கைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு முப்பது நோன்பும் தவறாமல் வைக்கிற வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்துத் தமிழில் ஒரு தடவை அங்கே ஓடவிட வேண்டும்.

அப்புறம் மாதம் முழுக்க, நோன்பு எங்கெல்லாம் வருகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். மாயிதா சூராவில் சத்தியத்தை முறித்தவருக்குப் பரிகாரம் வருகிறது: பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்வது, அதற்கு வழியில்லாதவருக்கு மூன்று நாள் நோன்பு. முஜாதலா சூராவில், மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டு விலக்கிவைத்தவருக்கான பரிகாரத்தில் இது தலைகீழ்: ஓர் அடிமையை விடுதலை செய்ய வழியில்லாவிட்டால் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு, அதுவும் முடியாவிட்டால் அறுபது ஏழைகளுக்கு உணவு. ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று. நம் பசியையும் அடுத்தவர் வயிற்றையும் குர்ஆன் ஒரே தராசில்தான் வைக்கிறது. நோன்பு என்பது தனியாள் வணக்கம், நானும் என் ரப்பும் மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய திறப்பு.

மர்யம் சூராவில் வேறொன்று. பிள்ளை பெற்ற மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களிடம் பேரீத்தம்பழத்தை உண்ணுங்கள், பருகுங்கள் என்று சொல்லிவிட்டு, யாரையாவது கண்டால் ‘அளவற்ற அருளாளனுக்காக நோன்பு நேர்ந்திருக்கிறேன், இன்று எந்த மனிதரோடும் பேசமாட்டேன்’ என்று சொல்லுங்கள் என்று வருகிறது. சாப்பாடு உண்டு, பேச்சு இல்லை, அதற்கும் பெயர் நோன்பு. நமக்கு அந்த மௌன நோன்பு சட்டமாக இல்லை. ஆனால் பொய்ப் பேச்சையும் பொய்யான நடத்தையையும் விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை எதுவும் இல்லை என்ற நபிமொழி, நாக்கும் நோன்பு வைக்க வேண்டும் என்றுதானே சொல்கிறது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். முதல் குறைதான் பெரிய குறை. அச்சிட்ட தமிழ் மொழிபெயர்ப்புகளில், விளங்குவதற்காக மொழிபெயர்ப்பாளர் சேர்த்த சொற்களை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். குரலில் அடைப்புக்குறி கேட்காது. இறைவசனம் எது, மனிதர் சேர்த்த விளக்கம் எது என்று பிரிக்க வழியே இல்லாமல் எல்லாம் ஒரே மூச்சில் வருகிறது. வேறு புத்தகமானால் பரவாயில்லை என்று விடலாம், குர்ஆனில் விட முடியாது. அதோடு, இது யாருடைய மொழிபெயர்ப்பு என்று பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை. இப்படி ஒன்றைத் தயாரிப்பவர்கள் முதலில் சொல்ல வேண்டியதே அதைத்தான். நான் பக்கத்தில் ஓர் அச்சு மொழிபெயர்ப்பை விரித்து வைத்துக்கொண்டு, சந்தேகம் வருகிற இடத்தில் ஒத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

தமிழ்க் குரல் தெளிவுதான், ஆனால் வேகம். ஹுஸரியின் நிதானமான ஓதலுக்குப் பிறகு தமிழ் ஓடுகிறது. வேகத்தைக் குறைக்க வழியில்லை. நீண்ட வசனங்களில் மாமிக்கு முதல் பாதி நினைவில் நிற்பதில்லை. திரும்பத் திரும்பப் போடும் வசதி இருப்பதால் தப்பித்தோம்.

விரிவுரையும் கிடையாது, வெறும் பொருள்தான். வெள்ளை நூல், கறுப்பு நூல் வசனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதீ இப்னு ஹாத்திம் என்ற நபித்தோழர் உண்மையிலேயே இரண்டு கயிறுகளைத் தலையணைக்கு அடியில் வைத்து இரவில் எடுத்து எடுத்துப் பார்த்ததும், அது இரவின் இருளும் பகலின் வெளிச்சமும்தான் என்று நபியவர்கள் விளக்கியதும் ஹதீஸில் இருக்கின்றன. நேரில் கேட்டவர்களுக்கே விளக்கம் தேவைப்பட்டது. நமக்கு ஆலிமின் சொற்பொழிவான பயானும் விரிவுரையான தஃப்ஸீரும் இல்லாமல் முடியாது.

இன்னொன்று, நீங்கள் ஓதுவதை இது கேட்காது. ஐன், அலிஃப் என்ற இரண்டு அரபி எழுத்துகளை ஒன்றாக உச்சரித்தாலும் அது பாட்டுக்கு அடுத்த வசனத்துக்குப் போகும். பிள்ளைகளை மதரஸாவிலிருந்து நிறுத்திவிட்டுப் பேனா வாங்கிக் கொடுக்கலாம் என்று யாராவது நினைத்தால் தயவுசெய்து வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு செய்தி. மாதவிலக்கால் தொழுகையில்லாத நாட்களில் நாங்கள் முஸ்ஹஃபை, அதாவது குர்ஆன் பிரதியை, தொடுவதில்லை. அந்த நாட்களில் ரமலானே கையைவிட்டுப் போவதுபோல் இருக்கும். என் மகன் ஒளுவோடு, அதாவது கைகால் முகம் கழுவித் தூய்மையாகி, வந்து உட்கார்ந்து, பக்கத்தைத் திருப்பிப் பேனாவால் தொட்டுக்கொடுக்க, நானும் மாமியும் கேட்டோம். அவனுக்கும் பொருள் காதில் விழுந்தது. “அம்மா, இது எங்க மதரஸாவில் மனப்பாடம் பண்ணினது, இதுக்கு இதுதான் அர்த்தமா?” என்று அவனே நிறுத்திக் கேட்ட இடங்கள் உண்டு.

பேட்டரி நன்றாகவே தாங்குகிறது. இரவு சார்ஜில் போட்டால் மறுநாள் ஓதலுக்குப் போதும்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். அச்சு எந்த வகை என்று பாருங்கள். மதீனா அச்சும் நம் மதரஸாக்களில் பழகிய இந்திய அச்சும் குறியீடுகளில் வேறுபடும். பெரியவர்கள் இந்திய அச்சில்தான் தடையில்லாமல் ஓதுவார்கள். பகரா 183ஐத் தொட்டுத் தமிழை வைத்து 188 வரைக்கும் பொறுமையாகக் கேளுங்கள். குரலும் வேகமும் ஒத்துவருமா என்று அதிலேயே தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பு யாருடையது என்று கேளுங்கள். எல்லோரும் கேட்டால்தான் அடுத்த பதிப்பிலாவது பெயரைப் போடுவார்கள். இன்னும் பத்து மொழிகள் கூடுதலாக இருக்கின்றன என்று விலை அதிகமான பெட்டியைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் வீட்டில் ஓடப்போவது தமிழ் மட்டும்தான்.