ஜிப்ஸியைத் தூக்கினேன், அப்புறம் பாதி இறக்கினேன்

என் வண்டியின் சஸ்பென்ஷனை நான் அளப்பது முட்டையால். நாமக்கல்லில் முப்பது முட்டை டிரே ஒன்றை வாங்கிப் பின்சீட்டில் வைப்பேன். காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் கொல்லிமலை உச்சிக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. அதன் பிறகு செம்மேட்டிலிருந்து எங்கள் மிளகுக் காட்டுக்கு மூன்று கிலோமீட்டர் கல்லும் பள்ளமுமான பாதை. போய்ச் சேர்ந்ததும் எத்தனை உடைந்தது என்று எண்ணுவோம். வாங்கிய நிலையில் ஒன்றோ இரண்டோ உடையும். 'மேம்படுத்திய' பிறகு ஒரு தடவை ஒன்பது உடைந்தது.

வண்டி 1991 மாடல் மாருதி ஜிப்ஸி எம்ஜி 410. 970 சிசி பெட்ரோல், நான்கு கியர், குறுகலான பழைய ஆக்ஸில் (இரு பக்கச் சக்கரத்தையும் இணைக்கும் அச்சு). 2015-ல் மூன்றாவது கையாக வாங்கினேன். காட்டுப் பாதையில் நடுவில் புடைத்திருக்கும் கல் அடியில் இடிக்கிறது என்பதுதான் என் குறை. வண்டியைத் தூக்கினால் சரியாகிவிடும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

நாமக்கல்லில் ஸ்பிரிங் பட்டறைக்குப் பஞ்சமா? லாரி ஸ்பிரிங்குக்கு அடுக்கடுக்காகப் போடும் இரும்புப் பட்டையை, அதாவது பிளேட்டை, அடித்துப் பழகியவர்கள். நான் போன பட்டறையின் பெரியவர் ஜிப்ஸியின் பிளேட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இது ஸ்பிரிங்கா, ஸ்கேலுங்களா?" என்றார். செட்டுக்கு ஒரு பிளேட் கூடுதலாகப் போட்டார். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளையும் இரண்டு அங்குலம் நீளமாக வெட்டித் துளை போட்டுக் கொடுத்தார். ஷாக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலம்தான் ஏறும், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனைதானே இறங்குகிறது. பிளேட்டும் சேர்ந்து மொத்தம் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் ஏறியது. பார்க்க அம்சமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து டேப் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன். தரையிலிருந்து பாடிக்கு உயரம் கூடியிருந்தது. பின் ஆக்ஸிலின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டைக்குக் கீழே ஒரு நூல்கூட ஏறவில்லை! எப்படி ஏறும்? ஆக்ஸில் உட்கார்ந்திருப்பது சக்கரத்தின் மேல். ஸ்பிரிங் தூக்குவது சேஸிஸையும் அதற்கு மேல் இருப்பதையும்தான். கல் இடித்தது உருண்டையில். அதை உயர்த்தப் பெரிய டயரைத் தவிர வேறு வழி கிடையாது. இதை முதலில் யோசித்திருந்தால் பட்டறைச் செலவு மிச்சம்.

பணத்தைவிடப் பெரிய தொல்லை ஸ்டியரிங்கில் வந்தது. வளைவில் ஒடித்துவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் நானே இழுத்து நேராக்க வேண்டியிருந்தது. சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், மேல்பக்கம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் கையை விட்டாலும் சக்கரத்தை நேராக்குகிறது. ஜிப்ஸியில் முன் ஸ்பிரிங்குக்கு ஷாக்கிள் முன்முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் ஸ்பிரிங்கின் முன்முனை தாழ்ந்து, ஆக்ஸிலே முன்னோக்கி உருண்டு, சாய்வு குறைந்துவிடும். மெக்கானிக் அண்ணன் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்பில் சாய்வாகச் செதுக்கிய துண்டு வைத்துச் சரிசெய்தார். அதற்குப் பட்டறையில் பெயர் ஆப்பு. "தூக்குனது நீங்க, ஆப்பு வெச்சது நானுங்க" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

ஆப்பு வைத்ததும் ஸ்டியரிங் ஓரளவு அடங்கியது. மற்றவை அடங்கவில்லை. முன்பக்க பிரேக் ஹோஸ் சக்கரம் தொங்கும்போது கம்பி போல விறைத்து நின்றது, நீளமானதாக மாற்றினோம். ஷாக் அப்சார்பர் எட்டாமல் இழுபட்டு ஒரே வருடத்தில் எண்ணெய் கசிந்தது. ஹெட்லைட் மரத்து உச்சியைத் தேடியது. வளைவில் வண்டி சாய்கிற சாய்வுக்கு வீட்டம்மா ஒரு பேர் வைத்தாள்: பல்லக்கு. அவள் சொன்னது சரிதான். குறுகலான ஆக்ஸில், அதற்கு மேல் உயர்த்திய பாடி. பல்லக்குக்காவது தூக்குகிறவர்கள் சமமாக நடப்பார்கள்.

அகலம் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. 1993-ல் வந்த எம்ஜி 410 டபிள்யூ மாடலிலிருந்து ஜிப்ஸிக்கு அகல ஆக்ஸில். பழையதைவிடச் சுமார் 90 மில்லிமீட்டர் கூடுதல், பக்கத்துக்கு 45. அதே அகலம்தான் 1300 சிசி ஜிப்ஸி கிங் மாடலிலும். 2018-ல் ஒரு கிங்கின் முன், பின் ஆக்ஸில் இரண்டும் பழைய சாமானாகக் கிடைத்தன. ஸ்பிரிங் உட்காரும் இடம் அப்படியே பொருந்தியது, வீல் போல்ட் ஐந்தும் அதே இடைவெளி. ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதிதாக வாங்கினோம். இதில் மட்டும் பழையதைத் திரும்ப மாட்டாதீர்கள், ஒரு தடவை இறுக்கிய யூ போல்ட் இழுபட்டிருக்கும். என் பழைய ஆக்ஸிலில் முன்னாலும் டிரம் பிரேக், வந்ததில் டிஸ்க். அதனால் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் என்று வேலை நீண்டு நான்கு நாள் ஆனது. விற்றவர் "எல்லாம் பக்காங்க" என்றிருந்தார். மூன்றாவது வாரம் பின் ஆயில் சீல் ஒழுகி, பிரேக் ஷூ எண்ணெயில் ஊறிக்கிடந்தது. பழைய ஆக்ஸில் வாங்கினால் கேள்வி கேட்காமல் சீல், பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

அகலத்தின் பலன் முதல் வளைவிலேயே தெரிந்தது. 45 மில்லிமீட்டர் என்பது இரண்டு விரல் அகலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆனால் வண்டி தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. டிஸ்க் பிரேக்கில் மலை இறங்குவது வேறு வாழ்க்கை. ஒரே குறை, டயர் பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் மழைக்காலத்தில் சேறு கதவுக் கண்ணாடி வரை அடிக்கும். லாரி மட்ஃபிளாப் ரப்பரை வெட்டி மாட்டியிருக்கிறேன், பார்க்கச் சுமார்தான்.

ஆனால் நான் உருண்டைக்குள் இருக்கும் பல்சக்கரத்தின் பல்லை எண்ணாமல் விட்டுவிட்டேன். பழைய ஆக்ஸிலில் பெரிய சக்கரமான கிரௌன் 37 பல், அதைச் சுற்றும் சிறிய பினியன் 9, அதாவது 4.11. கிங்கில் 43-க்கு 11, அதாவது 3.9. ஐந்து சதவீதம் இழுவை போனது. போதாததற்கு உருண்டையை உயர்த்துகிறேன் என்று 205/70 டயரைக் கழற்றி அதைவிடப் பெரிய 215/75 போட்டேன். உருண்டை 18 மில்லிமீட்டர் ஏறியது உண்மை, கூடவே இன்னொரு ஐந்து சதவீதம் இழுவையும் போனது. அந்த ஒரு லிட்டர் இன்ஜின் பாவம். இரண்டாம் கியரில் ஏறிய வளைவையெல்லாம் முதல் கியரில் ஏறியது. இழுவையைக் கூட்டும் லோ லீவரைப் போட்டால் என்ன என்பீர்கள். ஜிப்ஸியில் லோ என்றால் நான்கு சக்கரமும் சேர்ந்தே சுற்றும், முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிட நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. காய்ந்த தார் ரோட்டில் வளைத்தால் எல்லாம் முறுக்கிக்கொண்டு லீவர் வெளியே வராது. ஸ்பீடோமீட்டரும் 50 காட்டினால் உண்மையில் 55-ல் போனது.

2020-ல் 205/70-க்கே திரும்பினேன். கூடுதல் பிளேட்டைக் கழற்றி, ஷாக்கிளைக் கம்பெனி நீளத்துக்குக் கொண்டுவந்தேன். ஆப்புக்கும் வேலையில்லாமல் போனது. இரண்டு அங்குலத்துக்கு மேல் தூக்கியதில் இன்று மிச்சம் முக்கால் அங்குலம். அதுவும் புதிதாக வளைத்து அடித்த பிளேட்டின் புண்ணியம். கல்? பாதையில் அந்தக் கல்லைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தோம். இரண்டு பேர், அரை நாள் வேலை.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. நான் ஆக்ஸில் மாற்றியது அதற்கு முன்பு என்பது சாக்கு ஆகாது, பிரிவு அப்போதும் இருந்தது. இப்போது செய்ய நினைப்பவர்கள் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முதலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விபத்து ஏதும் நடந்துவிட்டால் கிளெய்ம் சமயத்தில்தான் தலைவலி தெரியும்.

ஆக்ஸில் மாற்றி இதுவரை முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பெரும்பாலும் நாமக்கல், சேந்தமங்கலம், மலை. முன்சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளில் கிங் பின் பேரிங் ஒரு தடவை மாற்றினேன், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்திருந்தது. பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் இப்போது அடுத்த கணக்கில் நிற்கின்றன. நீளமான அந்த நான்கு ஜோடி ஷாக்கிளைக் காட்டு கேட்டில் கட்டியிருக்கிறேன், காற்றில் ஆடாமல் இருக்க. போன வாரம் கொண்டுபோன டிரேயில் உடைந்தது ஒன்று. அதுவும் வண்டியால் இல்லை, இறக்கும்போது என் கையால்.