காலையில் நடுங்கி, கொஞ்சத் தூரத்தில் அடங்கும் கார்: திருமலையில் அதைச் சரியாகப் பார்த்துச் சொன்ன டயர் கடை

காலையில் எடுக்கும்போது நடுங்கி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியதும் தானாக அடங்கிவிடும் காரை திருமலையில் (திருகோணமலையில்) யாரிடம் காட்டுவது என்று தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அநுராதபுரச் சந்தி தாண்டி கண்டி வீதியில் கொஞ்சத் தூரம் போனால் இடது பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு டயர் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை, வாசலில் லொறி டயர்கள் அடுக்கியிருக்கும். அவ்வளவுதான் அடையாளம். எனக்கு அங்கே கிடைத்தது நல்ல வேலை, அதைவிட நல்ல விளக்கம்.

என்னுடையது டொயோட்டா விட்ஸ். உப்புவெளியில் வீட்டு முற்றத்தில்தான் பெரும்பாலும் நிற்கும், ஏனென்றால் வேலைக்கு நான் மோட்டார் சைக்கிளில் போகிறேன், அம்மாவை கிளினிக் கூட்டிப்போக அல்லது கொழும்புக்குப் போக மட்டும் காரை எடுப்பேன். சில மாதங்களாக ஒரு தொந்தரவு. காலையில் எடுத்து 50 தாண்டியதும் ஆசனத்துக்கு அடியில் ஒரு நடுக்கம் தொடங்கும், 70இல் நடுக் கண்ணாடியில் பின்னால் வரும் வாகனமே கலங்கித் தெரியும். அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு புது வண்டி மாதிரிப் போகும்.

முதலில் வேறு ஒரு கராஜில் காட்டினேன் (பெயர் வேண்டாம்). மத்தியானம் வரை வெயிலில் ஊரெல்லாம் ஓடிய காரை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நடுக்கம் ஒன்றும் இல்லையே என்றார்கள். பிறகு நாலு சில்லுக்கும் பலன்ஸ் செய்தார்கள் (சில்லின் எடையைச் சுற்றிவரச் சமப்படுத்துவது), அதற்கும் அடங்கவில்லை என்றதும் பிரேக் டிஸ்க்கைக் கடைய வேண்டும், எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். சூடான பிறகு மறைந்துவிடும் நோயைச் சூடான காரில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எனக்கு இன்னும் கோபம் அதுதான், காசு கொடுத்தது இல்லை.

இந்தக் கடை அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட கேள்விகளிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கார் எத்தனை நாள் சும்மா நிற்கிறது? பிரேக்கை மிதித்தபடி கியரை டி-யில் போட்டு நிற்கும்போது நடுங்குகிறதா, ஓடும்போது மட்டுமா? பிரேக் அடிக்கும்போது கூடுகிறதா? ஸ்டியரிங்கில் தெரிகிறதா, ஆசனத்தில் தெரிகிறதா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்குக் காலமை வீட்டில இருந்து நேரா வாங்கோ தம்பி, வழியில எங்கயும் சுத்தாதீங்கோ" என்றார்.

ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது, அதை அவரே பிறகு சொன்னார். நின்றுகொண்டிருக்கும்போதே நடுங்கினால் சில்லைப் பார்த்துப் பயனில்லை, எஞ்சின் மவுண்ட் அல்லது குளிரில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விடுவது மாதிரியான விஷயம். எஞ்சின் சூடேறினால் அதுவும் குறையலாம், அதனால்தான் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஓடும்போது நியூட்ரலுக்கு மாற்றிப் பார்த்தாலும் நடுக்கம் அப்படியே இருந்தால் சில்லுப் பக்கம்தான் பிரச்சினை. பிரேக் அடிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க். நம்முடைய ஊரில் கடல் காற்றில் ஒரு இரவு நின்றாலே டிஸ்க்கில் மெல்லிய துரு பிடித்து முதல் சில பிரேக்குக்கு கரகரவென்று கேட்கும், அது தேய்ந்து போய்விடும், பயப்பட ஒன்றும் இல்லை. பலன்ஸ் பிழை என்றால் காலையும் மாலையும் ஒரே மாதிரி இருக்கும், ஓட ஓடக் குறையாது. பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) இறுகியிருந்தால் அதற்கு நேர்மாறு, ஓட ஓடச் சூடேறிக் கூடும்.

மறுநாள் காலையில் போய் நிறுத்தியவுடனே ஜக் போட்டுவிட்டார், தேநீர் கூடப் பிறகுதான். ஒவ்வொரு சில்லாகத் தூக்கி, டயருக்குப் பக்கத்தில் ஒரு சோக்குக் கட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு கையால் சுழற்றினார். சோக்கு உயரமான இடத்தில் மட்டும்தான் கோடு போடும். முன் இரண்டும் சுற்றிவர ஒரே மாதிரிக் கோடு, பின் இடது சில்லில் ஒரு கை அகலத்துக்குக் கோடே விழவில்லை. அங்கே டயர் தட்டையாக இருந்தது, வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு. காற்றையும் பார்த்தார், சாரதி கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்ட அளவைவிட அந்தச் சில்லில் நன்றாகக் குறைவு.

பிறகு காற்றைச் சரியாக அடித்து, அவர் பக்கத்தில் உட்கார சீனக்குடாப் பக்கம் போய்த் திரும்பினோம். போகும்போது இருந்த நடுக்கம் திரும்பும்போது இல்லை. கடைக்கு வந்து திரும்பவும் அதே சில்லை ஜக் போட்டு சோக்கு பிடித்தார், இந்த முறை கோடு முழுவதும் சுற்றி விழுந்தது. வாடிக்கையாளருக்கு இப்படி முன்னும் பின்னும் காட்டுகிற கடையை நான் இதற்கு முன் பார்த்ததில்லை, இதற்காகவே அந்த மனிதரைப் பாராட்ட வேண்டும்.

காரணம் இதுதான். பல டயர்களில் எஃகுக் கம்பிப் பட்டைக்கு மேலே நைலோன் அடுக்கு இருக்கும். கொழும்பிலிருந்து 260 கிலோமீட்டர் போல ஓடி வந்து, டயர் கொதிக்கக் கொதிக்க முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போகிறோம். நிலத்தில் அழுந்தியிருக்கும் பகுதி அப்படியே ஆறி, அந்தத் தட்டை வடிவத்திலேயே இறுகிவிடும். காற்றுக் குறைவாக இருந்தால் இன்னும் அகலமாகத் தட்டையாகும். திரும்ப ஓடிச் சூடானால் இளகி வட்டத்துக்கு வந்துவிடும். மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் திரும்பாமலே போகலாம், அப்போது டயரை மாற்றத்தான் வேண்டும். ஏபிஎஸ் (சில்லு பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இல்லாத வண்டியில் சடுதியாகப் பிரேக் அடித்துச் சில்லு பூட்டி இழுபட்டால் வரும் தட்டை வேறு, அது ரப்பர் தேய்ந்தது, எவ்வளவு ஓடினாலும் சரியாகாது.

புது டயர் விற்கும் கடைதான், ஆனாலும் எனக்கு ஒன்றைக்கூடத் தள்ளிவிடப் பார்க்கவில்லை. டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தைக் காட்டினார்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டியதை வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும், பத்து வருடம் ஆனால் தேயாமல் இருந்தாலும் மாற்ற வேண்டும் என்றார். எங்கேயாவது வீக்கம் தெரிந்தாலோ, நடுக்கம் குறையாமல் நாளுக்கு நாள் கூடினாலோ அந்த டயரில் ஓடவே கூடாது, உள்ளே பட்டை பிரிந்திருக்கலாம், வெடிக்கும் என்று இதை மட்டும் குரலை உயர்த்திச் சொன்னார். கூலியாக வாங்கியது நாலு சில்லு பலன்ஸ் செய்யும் காசைவிடக் குறைவு.

குறையும் சொல்ல வேண்டும். அலைன்மென்ட் (சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும்) மெஷின் இல்லை, அதற்கு வேறு இடம் போக வேண்டும். கார்ட் எடுக்க மாட்டார்கள், காசுதான். உட்கார ஒரு வாங்கு, அதுவும் பாதி நேரம் வெயிலில், வயதானவர்களைக் கூட்டிப்போக வேண்டாம். எஞ்சின் மவுண்ட் பிரச்சினை என்று தெரிந்தால் தான் கை வைக்க மாட்டேன் என்று அவரே சொல்லிவிடுவார், எனக்கு அது பிடித்திருந்தது, சிலருக்கு இரண்டு இடம் அலைவது சிரமமாக இருக்கலாம்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை காரை எடுத்து நிலாவெளி தாண்டி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வருகிறேன், காற்றை டயர் ஆறியிருக்கும்போதே பார்க்கிறேன். நடுக்கம் ஏறக்குறைய இல்லை, நீண்ட தூரம் போய் வந்த மறுநாள் மட்டும் முதல் சில கிலோமீட்டர் லேசாகத் தெரியும். போவதென்றால் முதல் நாளே போன் பண்ணிவிட்டு, கடை திறக்கிற நேரத்துக்குப் போங்கள். பத்து மணிக்கு மேல் லொறிகள் வரத் தொடங்கினால் உங்கள் காரைத் தொடவே மத்தியானம் ஆகும்.